அடிக்கட்டை அகற்றல்: திருச்சிராப்பள்ளி, திருவரங்கப் பகுதி வரலாறு

அடிக்கட்டை அகற்றல் என்பது, வெட்டப்பட்ட அல்லது விழுந்த மரத்தின் அடிப்பகுதியையும் அதனுடன் இணைந்த முதன்மை வேர்களையும் மண்ணிலிருந்து நீக்கும் வேலையாகும். மரம் வெட்டுதல் எல்லோர் கண்ணிலும் படும் வேலை. அதற்குப் பின் தரைமட்டத்தில் நிற்கும் கட்டையைத் தோண்டி எடுப்பது யாரும் பேசாத வேலை. ஆயினும் வயல் உருவானதும், வீட்டு அடித்தளம் உறுதிப்பட்டதும், தென்னந்தோப்புகள் நோயிலிருந்து தப்பியதும் இந்த இரண்டாவது வேலையால்தான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த திருவரங்கத் தீவிலும் தென்கரையிலுள்ள திருச்சிராப்பள்ளி நகரிலும் இவ்வேலை காலந்தோறும் எப்படி மாறியது என்பதை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

சொல்லும் பொருளும்

வெட்டிய மரத்தின் எஞ்சிய அடிப்பகுதியைத் திருச்சி வட்டாரத்தில் அடிக்கட்டை, வேர்க்கட்டை, தூர் என்ற சொற்களால் குறிப்பிடுகின்றனர். மூன்றும் ஒன்றல்ல. தரைக்கு மேல் தெரிவது அடிக்கட்டை. தரைக்குக் கீழே, வேர்கள் பிரியும் இடத்தில் திரண்டிருப்பது வேர்க்கட்டை. இரண்டும் சேர்ந்த முழுப் பகுதியே தூர். "மரத்தை வெட்டியாச்சு, தூரை எடுக்கணும்" என்று மரம் வெட்டுவோர் சொல்வது இந்த முழுப் பகுதியைத்தான். 'குற்றி' என்பது இதே பொருளுக்குரிய பழைய சொல். இலங்கைத் தமிழில் 'மரக்குற்றி' என்று வெட்டிய மரத்துண்டைச் சொல்வதில் அச்சொல் இன்றும் வழங்குகிறது.

எதையேனும் முற்றாக ஒழிப்பதை 'வேரோடும் வேரடி மண்ணோடும்' ஒழிப்பது என்று சொல்வது தமிழ் வழக்கு. வேரை எடுத்தால் போதாது, வேரைப் பற்றிய மண்ணையும் எடுக்க வேண்டும் என்பது மேடைப் பேச்சுக்காக உருவான எண்ணமன்று. நோயுற்ற மரத்தின் தூரை எடுப்பவர் இன்றும் செய்ய வேண்டியது அதுவே.

காடு திருத்திய காலம்

உறையூர் இன்று திருச்சி மாநகரின் ஒரு பகுதி. முற்காலச் சோழரின் தலைநகராக விளங்கிய ஊர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, கரிகாலன் காடுகளை அழித்து நாடாக்கியதையும், குளங்களை வெட்டி வளம் பெருக்கியதையும், உறையூரை விரிவுபடுத்தியதையும் அவனது சிறப்புகளாகக் கூறுகிறது. அக்காலத்தில் காட்டை நாடாக்குவது அரசனின் புகழுக்குரிய செயலாக இருந்தது.

காட்டை அழிப்பது வேறு, வயலாக்குவது வேறு. குறிஞ்சி நிலத்துப் புனங்களில் மரத்தை வெட்டி எரித்து, சாம்பல் படிந்த மண்ணில் தினை விதைத்தனர். அங்கே அடிக்கட்டை நின்றாலும் தடையில்லை. விதைப்பவர் கட்டைகளுக்கு இடையே விதைத்துக்கொள்ளலாம். மருத நிலத்து நெல் வயலில் அது முடியாது. ஏரின் கொழு வேரில் சிக்கினால் கொழு முறியும், மாடு மிரளும். நீர் தேக்கப் பரம்படித்துச் சமப்படுத்தும் நிலத்தில் ஒரு கட்டை நின்றாலும் தடைதான். ஆகவே ஏர் நுழைந்த இடமெல்லாம் தூர் எடுக்கப்பட்ட இடம் என்று கொள்ளலாம். காவிரிக் கரையின் நெல் வயல்கள் ஒவ்வொன்றுக்கும் அடியில் பெயர் தெரியாத பலருடைய கடப்பாரை உழைப்பு இருக்கிறது.

இந்தச் சிக்கல் உலகம் முழுவதும் இருந்தது. ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் மல்லீ எனப்படும் யூக்கலிப்டசுப் புதர்க்காடுகளைத் திருத்திய குடியேறிகள், எடுக்க முடியாத அளவுக்கு அடிக்கட்டைகள் நிறைந்த நிலத்தை எதிர்கொண்டனர். 1876இல் ரிச்சர்டு போயர் ஸ்மித் என்பவர், கட்டையில் மோதும்போது தானே மேலெழுந்து தாண்டி, மீண்டும் மண்ணில் இறங்கும் கலப்பையை உருவாக்கினார். தூரை எடுக்க முடியாதபோது ஏரை மாற்றிக்கொண்டது அவர்கள் கண்ட வழி. நம் நாட்டு மரக்கலப்பைக்கு அந்த வாய்ப்பு இல்லை. இங்கே நிலத்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

திருவரங்கம் கோயிலின் தோற்றக் கதையிலும் காடு திருத்தல் உண்டு. தர்மவர்மன் என்ற சோழன் கட்டிய கோயில் காவிரி வெள்ளத்தால் மணல்மூடிக் காடாகிவிட, பின்வந்த சோழன் ஒருவன் கிளி ஒன்று உரைத்ததைக் கேட்டு, காட்டை நீக்கிக் கோயிலை மீட்டான் என்பது கோயிலொழுகு கூறும் மரபு. அவன் கிளிச்சோழன் எனப்பட்டான்; கோயிலிலுள்ள கிளி மண்டபத்தின் பெயரும் இதனோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. இது மரபுவழிக் கதை. கல்வெட்டுச் சான்றுள்ள செய்தியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும், சில ஆண்டுகள் கவனிப்பின்றி விட்டால் ஆற்றுத்தீவு எவ்வளவு விரைவில் மரம் மண்டிப்போகும் என்பதை ஊரார் அறிந்திருந்தனர் என்பதற்கு இக்கதையே சாட்சி.

விட்டுவைத்த மரங்கள்

அகற்றிய மரங்களின் வரலாற்றோடு, அகற்றாமல் விட்ட மரங்களின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சங்க காலத்தில் ஒவ்வொரு குறுநில மன்னனுக்கும் ஒரு காவல் மரம் இருந்தது. பகைவனின் காவல் மரத்தை வெட்டி வீழ்த்துவது வெற்றியின் அடையாளம். அதனால் தன் மரத்தைக் காப்பதும் போரின் ஒரு பகுதியாயிற்று.

கோயில்களில் இப்பழக்கம் தல மரமாகத் தொடர்ந்தது. திருவரங்கத்தின் தல மரம் புன்னை; சந்திர புஷ்கரணிக் கரையில் நிற்கிறது. அருகிலுள்ள திருவானைக்காவின் தல மரம் வெண்நாவல். நாவலைக் குறிக்கும் 'ஜம்பு' என்ற சொல்லே அங்குள்ள இறைவனுக்கு ஜம்புகேசுவரர் என்ற பெயரானது.

திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் வைத்து மாலை கட்டித் தொண்டு செய்தவர். திருமங்கையாழ்வார் மதில் எழுப்பியபோது, மதிலின் நேர்கோடு அந்த நந்தவனத்தின் ஊடே சென்றதாகவும், அவர் தோட்டத்தை அழிக்காமல் மதிலை ஒதுக்கிக் கட்டியதாகவும் வைணவ குருபரம்பரை மரபு கூறுகிறது. கட்டடத்துக்காக மரத்தை எடுப்பதா, மரத்துக்காகக் கட்டடத்தை ஒதுக்குவதா என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதியதன்று என்பதை இந்த மரபு காட்டுகிறது.

மண்ணும் வேரும்

தூர் எடுப்பது எளிதா கடினமா என்பதை மூன்று காரணங்கள் முடிவு செய்கின்றன: மண், மரம், இடம்.

திருவரங்கத் தீவின் மண் ஆற்று வண்டல், மணல் கலந்தது. கடப்பாரை எளிதில் இறங்கும். ஆனால் தோண்டிய குழியின் பக்கங்கள் சரியும். சிறிது ஆழத்திலேயே ஊற்று நீர் கசியவும் கூடும். தென்கரையில் நகரின் பல பகுதிகள் பாறையை ஒட்டிய இறுகிய நிலம். மலைக்கோட்டையைப் போன்ற பாறைகள் தரைக்கு மேல் தெரிபவை. தரைக்குக் கீழேயும் அப்பாறை பல இடங்களில் பரவியுள்ளது. அங்கே மர வேர் பாறை இடுக்குகளில் புகுந்து கவ்விக்கொள்வதால், அதே அளவுள்ள மரத்தின் தூரை எடுக்கக் கூடுதல் நேரமாகும்.

மர வகைகளில் தென்னை, பனை ஆகியவை ஒருவிதையிலைத் தாவரங்கள். இவற்றுக்கு ஆணிவேர் இல்லை. தண்டின் அடியிலிருந்து ஆயிரக்கணக்கான சல்லிவேர்கள் கிளம்புகின்றன. தலையிலுள்ள ஒரே குருத்தை வெட்டிவிட்டால் தென்னை மீண்டும் துளிர்ப்பதில்லை. வேம்பு, புளி, முருங்கை, பூவரசு, வாகை போன்றவை அப்படியல்ல. அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைப்பவை. அரசும் ஆலும் இன்னும் ஒருபடி மேலே. சுவரிலும் கோபுரத்திலும் பறவை எச்சத்தின் வழியே விழுந்த விதையிலிருந்தே முளைத்து, செங்கல் இடுக்குகளில் வேர்விட்டுக் கட்டடத்தைப் பிளக்கும். மேலே கிள்ளினால் மீண்டும் வரும். வேர் வரை சென்று நீக்கி, இடுக்கைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தால்தான் தீரும். கோயில் திருப்பணிகளில் இது ஒரு தொடர் வேலை.

மூன்றாவது காரணமான இடம், திருவரங்கத்தில் மிக முக்கியமானது. சித்திரை வீதி, உத்திர வீதி முதலான வீதிகளின் பழைய வீடுகள் முகப்பில் குறுகியும் உள்ளே நீண்டும் அமைந்தவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணறு, கொல்லை என்று வரிசையாகச் செல்லும். பக்கத்து வீட்டுச் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். தென்னையும் முருங்கையும் மாமரமும் நிற்பது கொல்லையில். கொல்லைப் பக்கம் சந்து இல்லாத வீடுகளில், வெட்டிய மரத்தின் ஒவ்வொரு துண்டும் கூடத்தின் வழியேதான் வெளியே போக வேண்டும். பெரிய இயந்திரம் எதுவும் உள்ளே வர இயலாது. இதனால்தான் நகரின் புதிய மனைகளில் இயந்திரம் வந்து நெடுநாள் ஆன பிறகும், இவ்வீதிகளில் கோடாரியும் கடப்பாரையும் ஓயவில்லை.

விறகுக்கு விலை இருந்த காலம்

சமையல் எரிவாயு பரவலாவதற்கு முன்னர், நகரத்து அடுப்புகள் பெரும்பாலும் விறகையும் கரியையும் வறட்டியையும் நம்பியிருந்தன. அன்று அடிக்கட்டைக்கு விலை இருந்தது. வேர்க்கட்டை பிளப்பதற்குக் கடினம். இழைகள் முறுக்கிப் பின்னியிருக்கும். கோடாரி மட்டும் போதாது, இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். ஆனால் பிளந்து உலர்த்தினால் நின்று எரியும். கல்யாணச் சமையல், நெல் அவித்தல், செங்கல் சூளை போன்ற நீண்ட நேர வேலைகளுக்கு அது ஏற்றது.

இதனால் ஓர் எளிய பொருளியல் ஏற்பாடு நிலவியது. மரத்தின் நடுத்தண்டு அறுவைக்குப் போகும். கிளைகள் விறகுக் கடைக்குப் போகும். தூரை எடுப்பவருக்குப் பல இடங்களில் தூரே கூலியாயிற்று. வீட்டுக்காரர் தனியே பணம் தர வேண்டியதில்லை, குழியை மூடிக் கொடுத்தால் போதும். எரிவாயுவும் மின்சாரமும் வந்தபின் வீட்டு விறகின் தேவை சரிந்தது. தூரின் விலை அதை எடுக்கும் உழைப்பின் விலையைவிடக் குறைந்துபோயிற்று. வரவாக இருந்த பொருள் செலவாக மாறியது இப்படித்தான். இன்று நகரில் பல மனைகளில் வெட்டிய மரத்தின் கட்டை அப்படியே கிடப்பதற்கு முதன்மைக் காரணம் சோம்பல் அன்று, இந்த விலை மாற்றமே.

இந்த மாற்றம் எல்லா இடங்களிலும் ஒரே அளவில் நிகழவில்லை. இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தின் தூரைத் தோண்டிக் கரியாக்கும் தொழில் தொடர்கிறது. அங்கே தூருக்கு இன்னும் விலை உண்டு.

கடல் கடந்த உழைப்பு

திருச்சிக்கும் தூர் எடுக்கும் வேலைக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. அது இந்த ஊருக்கு வெளியே நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாட்டில் காப்பித் தோட்டங்களுக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியே சென்ற தமிழ்த் தொழிலாளர்களே அந்தத் தோட்டங்களில் உழைத்தனர். பின்னர் தேயிலைக்கும் இரப்பருக்கும் அதே கதை நீண்டது. 1904இல் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காக அமைந்த இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் இந்தியத் தலைமையகம் திருச்சிராப்பள்ளியில்தான் இருந்தது.

மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்த தோட்டக்காரர்கள் பெரும்பாலும் அடிக்கட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, இடையில் செடி நட்டனர். விளைவு சில ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. அழுகும் தூரில் வளர்ந்த பூஞ்சைகள், மண்ணுக்குள் வேர் வழியே பரவி, நலமாக இருந்த தேயிலையையும் இரப்பரையும் தாக்கின. இலங்கை அரசின் பூஞ்சையியலாளராகப் பணியாற்றிய டாம் பெட்ச், தேயிலை நோய்கள் பற்றி 1923இல் வெளியிட்ட நூலில் இத்தகைய வேர் நோய்களை விரிவாக ஆராய்ந்தார். நிழல் மரத்தை வெட்டுவதற்கு முன் அடிமரத்தின் பட்டையை வளையமாக உரித்துவிட்டால், வேரிலுள்ள மாவுச்சத்து தீர்ந்துவிடும். பூஞ்சைக்கு உணவு குறையும். இம்முறை பின்னர் தேயிலைத் தோட்டங்களில் பரிந்துரைக்கப்பட்ட நடைமுறையானது. ஆயினும் நோயுற்ற இடத்தில் தூரையும் வேர்களையும் தோண்டி எடுப்பதற்கு மாற்று கிடைக்கவில்லை. அந்த வேலையும் தமிழ்த் தொழிலாளர் கைகளுக்கே வந்தது.

தென்னையும் புயலும்

இதே பாடம் காவிரிப் படுகைக்கும் வந்தது. 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினம் பகுதியைத் தாக்கிய புயலுக்குப் பின், தஞ்சாவூர் மாவட்டத் தென்னைகளில் ஒரு வாடல் நோய் கண்டறியப்பட்டது. அடிமட்டைகள் வாடித் தொங்கும்; தண்டின் அடியில் செம்பழுப்பு நிறச் சாறு வடியும்; வேர்கள் அழுகும்; மரம் பட்டுப்போகும். இதற்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர் அமைந்தது. அடித்தண்டழுகல் நோய் என்பதும் இதுவே. கானோடெர்மா என்னும் பூஞ்சை இதற்குக் காரணம். பட்ட மரத்தின் அடியில் அலமாரித் தட்டுப் போல நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டியான காளான் இந்தப் பூஞ்சையின் வெளித்தோற்றம்.

இந்நோய்க்கு வேளாண் துறையினர் கூறும் பரிந்துரைகளில் முதலாவது, பட்ட மரத்தைத் தூரோடும் வேரோடும் தோண்டி எடுத்து எரிப்பதாகும். மரத்தை மட்டும் வெட்டித் தூரை விட்டால் பூஞ்சை அதிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்து அடுத்த மரத்துக்குச் செல்லும். நோயுற்ற மரத்தைச் சுற்றி ஏறத்தாழ 1 மீட்டர் ஆழமும் 30 செ.மீ. அகலமும் உள்ள அகழி வெட்டித் தனிமைப்படுத்துதல், மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுதல், டிரைகோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழு உரத்துடன் கலந்து இடுதல் ஆகியவை பிற பரிந்துரைகள்.

பூஞ்சை மட்டுமன்று, பூச்சிகளும் உண்டு. மட்கிய தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். புதிதாக வெட்டிய கட்டையின் வாடையால் சிவப்புக் கூன்வண்டு ஈர்க்கப்படும். ஆகவே ஒரு கொல்லையில் விட்டுவைத்த தென்னங்கட்டை, சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தென்னைக்கும் கேடு. வாழைக்கும் இது பொருந்தும். திருவரங்கம் சுற்றுவட்டாரத்தில் வாழை முதன்மைப் பயிர். 1993இல் திருச்சியில் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் இங்கேதான் உள்ளது. தார் வெட்டிய வாழையின் அடித்தண்டையும் கிழங்கையும் தோட்டத்திலேயே அழுகவிட்டால் கூன்வண்டுகள் பெருகும் என்பதால், அவற்றை உடனே அப்புறப்படுத்துமாறு உழவர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளை வீழ்த்தியது. திருச்சி மாவட்டமும் பாதிப்புக்குத் தப்பவில்லை. அப்போது தமிழக அரசு அறிவித்த நிவாரணம் இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. ஒரு தென்னைக்கு இழப்பீடு 600 ரூபாய். விழுந்த மரத்தை வெட்டி அகற்ற 500 ரூபாய். ஆக 1,100 ரூபாய். ஒரு ஹெக்டேருக்கு 175 மரங்கள் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். மரத்தின் இழப்புக்குக் கிட்டத்தட்ட இணையாக அகற்றும் செலவும் கணக்கிடப்பட்டதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பல ஆண்டுகள் வளர்த்த மரத்தை இழந்த உழவர், அதைக் கொல்லையை விட்டு வெளியேற்றுவதற்கும் கையிலிருந்து செலவழிக்க வேண்டியிருந்தது; தோப்பு சுத்தமாகாமல் புதுக் கன்று நட இயலாது.

நீதிமன்றத்துக்குச் சென்ற தூர்

தூர் எடுக்கும் வேலை மாநிலம் முழுவதும் பேசப்பட்டது சீமைக்கருவேலத்தால்தான். தென் அமெரிக்கா, கரீபியன் பகுதிகளைச் சேர்ந்த இம்மரம், 1870களின் இறுதியில் சென்னை மாகாணத்தில் அறிமுகமானது. வறண்ட நிலத்தில் விறகுக்காகவும் வேலிக்காகவும் அது விரும்பப்பட்டது. வேலிக்காத்தான் என்ற பெயரே அதைச் சொல்லும். விடுதலைக்குப் பின்னர்தான் இம்மரம் இங்கே வந்தது என்று பலர் நம்புவது சரியன்று.

இம்மரத்தைத் தரைக்கு மேல் வெட்டினால், ஒரு தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகள் கிளம்பும். வேர்களுக்கு மேலே மண்ணுக்குள் இருக்கும் முளைப்பகுதியையும் சேர்த்து எடுத்தால்தான் மீண்டும் தழைக்காது. முள்மரத்தை இளமையிலேயே களைய வேண்டும் என்று பகைவரைப் பற்றிப் பேசுமிடத்தில் (பகைத்திறம் தெரிதல், குறள் 879) வள்ளுவர் சொன்னது, உவமையைத் தாண்டி நேரடியாகவே இதற்குப் பொருந்தும்.

2015இல் மதிமுக பொதுச்செயலாளர் வைகோ, சீமைக்கருவேல மரங்களை அகற்றக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நீதிபதிகள் ஏ. செல்வம், பி. கலையரசன் அமர்வு அம்மரங்களை வேரோடு அகற்ற உத்தரவிட்டது. பணியைக் கண்காணிக்க வழக்கறிஞர் ஆணையர்களும் நியமிக்கப்பட்டனர். 2017இன் தொடக்க மாதங்களில் திருச்சி உட்படப் பல மாவட்டங்களில் ஏரி, குளம், வாய்க்கால் கரைகளில் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின. மாணவர்களும் தன்னார்வலர்களும் மண்வெட்டியோடு சென்றனர்.

அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் சென்னையில் உயர் நீதிமன்றத்தின் முதல் அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. அறிவியல் ஆய்வின்றி ஒரே நேரத்தில் அகற்றுவது மண்ணுக்கும் பறவைகளுக்கும் கரித்தொழிலை நம்பியவர்களுக்கும் கேடாகுமா என்ற கேள்வி எழுந்தது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. அகற்றிய இடத்தில் வேறு மரம் நடாமல் விட்டால், மண்ணிலிருக்கும் விதைகளிலிருந்து அதே முள்மரம் மீண்டும் வருவதைப் பல ஊர்கள் கண்டன. 2022இல் தமிழக அரசு அயல் ஊடுருவும் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. அதன் பெயரிலேயே அகற்றுதலும் மீட்டலும் சேர்ந்திருப்பது இந்த அனுபவத்தின் விளைவு எனலாம்.

ஒரு தவறான கருத்தையும் இங்கே திருத்த வேண்டும். சீமைக்கருவேல வேர் எங்கும் 50 மீட்டருக்கு மேல் இறங்கும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் இப்பேரினத்தைச் சேர்ந்த மரமொன்றின் வேர் ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது உண்மை. 1960களில் வெளியான அச்செய்தி அறிவியல் உலகில் புகழ்பெற்றது. அது ஓர் அரிய பதிவேயன்றி, ஒவ்வொரு மரத்துக்குமான அளவன்று. தூர் எடுப்பவர் 53 மீட்டர் தோண்ட வேண்டியதில்லை. மேல்மட்டத்திலுள்ள முளைப்பகுதியை எடுத்தால் போதும்.

இயந்திரங்களின் வருகை

மேலை நாடுகளில் தூர் எடுக்க முதலில் மாடும் குதிரையும், பின்னர் நெம்புகோலும் சங்கிலியும் கொண்ட இழுவைப் பொறிகளும் பயன்பட்டன. 1867இல் ஆல்பிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றபின், உழவர்கள் அடிக்கட்டைக்கு வெடி வைக்கும் வழக்கமும் சில நாடுகளில் பரவியது. நெருங்கிய வீதிகள் கொண்ட நம் ஊர்களுக்கு அது பொருந்தாது, சட்டமும் அனுமதிக்காது.

தமிழ்நாட்டில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது மண் அள்ளும் இயந்திரம். நாளிதழ்களில் நாம் படிக்கும் 'பொக்லைன்' ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். 'ஜேசிபி' என்பது 1945இல் இங்கிலாந்தில் தொழில் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவரின் பெயர்ச் சுருக்கம். அந்நிறுவனம் 1979இல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டு வணிகப் பெயர்களும் தமிழில் பொதுப் பெயர்களாகிவிட்டன. ஆட்கள் நாள் முழுதும் தோண்டும் தூரை இவ்வியந்திரம் குறைந்த நேரத்தில் பெயர்த்துவிடும். ஆனால் பெரிய பள்ளத்தை விட்டுச்செல்லும். குழாயையும் மின்கம்பியையும் அறுக்கக்கூடும். குறுகிய சந்தில் நுழையாது.

இக்குறைகளுக்கு விடையாக வந்தது அடிக்கட்டை அரைக்கும் இயந்திரம். அமெரிக்காவில் எல்ம் மரங்கள் ஒரு பூஞ்சை நோயால் பெருவாரியாக மடிந்த காலத்தில், அயோவா மாநிலத்தின் வெர்மீர் நிறுவனம் 1957இல் இத்தகைய இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டங்ஸ்டன் கார்பைடு பற்கள் பொருத்திய சக்கரம் வேகமாகச் சுழன்று கட்டையைச் சிறிது சிறிதாகச் சீவும். பொதுவாகத் தரைக்குக் கீழே 15 முதல் 30 செ.மீ. வரை அரைக்கும். கட்டை மரத்தூளாகி அந்தக் குழியையே நிரப்பிவிடும். பக்கவேர்கள் மண்ணிலேயே இருந்து காலப்போக்கில் மட்கும். கையால் தள்ளிச்செல்லும் சிறிய வகை, வாசற்கதவு வழியே கொல்லைக்குப் போகக்கூடியது. இந்தியாவில் இது இன்னும் பரவலாகவில்லை. பெரிய வளாகங்களிலும் தோட்டப் பராமரிப்புத் தொழிலிலுமே மிகுதியாகப் பயன்படுகிறது. திருவரங்கம் போன்ற ஒட்டுச்சுவர் வீடுகளின் அமைப்புக்கு இது ஏற்றது என்பது தெளிவு.

வீட்டு உரிமையாளர் அறிய வேண்டியவை

எந்த முறையைத் தேர்வது என்பது அந்த இடத்தில் அடுத்து என்ன வரப்போகிறது என்பதைப் பொறுத்தது.

வீடு கட்டும் இடமானால் தூரையும் பெரிய வேர்களையும் முழுமையாகத் தோண்டி எடுக்க வேண்டும். மண்ணில் புதைந்த மரம் கறையானுக்கு உணவு. மட்கியபின் அங்கே வெற்றிடம் உண்டாகித் தளம் இறங்கும். தோண்டிய குழியை ஒரே தடவையில் மூடாமல், மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி நீர்விட்டு இடித்து இறுக்க வேண்டும்.

ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, ஏரிக்கரையில் நிற்கும் தூரை அரைத்து மேலே மூடுவது ஆபத்தானது. உள்ளே மட்கும் வேர் நீர் புகும் குழலாகிவிடும். வெள்ளத்தில் கரை உடைய அதுவே தொடக்கமாகலாம். இங்கே நீர்வளத் துறையின் அனுமதியின்றி எதையும் செய்யக்கூடாது.

தோட்டமாகவோ முற்றமாகவோ வைத்துக்கொள்ளும் இடமானால், நோயற்ற மரத்தின் கட்டையை அரைப்பதே போதும். நோயுற்ற தென்னையானால் அரைக்கக்கூடாது. பூஞ்சை கலந்த தூள் பரவும். தோண்டி எரிப்பதே முறை.

கட்டையில் துளையிட்டு உப்பு, அமிலம் ஊற்றும் பழக்கமும், பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுவிடும் என்ற நம்பிக்கையும் ஊர்களில் உண்டு. உப்பும் அமிலமும் மரத்தோடு நிற்பதில்லை. மணற்பாங்கான தீவு மண்ணில் அவை கிணற்று நீரோடு கலக்கும். அவசரமில்லையென்றால், கட்டையைத் தரைமட்டமாக அறுத்து மண்ணும் சாணமும் இட்டு ஈரமாக வைத்து மட்கவிடுவதே செலவில்லாத வழி. இதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். பொது இடத்து மரங்களை வெட்ட, 2021இல் அமைக்கப்பட்ட, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் தேவை. சந்தன மரம் சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையின் வழியே மட்டுமே எடுக்கலாம். அதன் வேர்க்கட்டை மணமும் எண்ணெயும் மிகுந்த பகுதியாதலால், சந்தனத்தை வெட்டுவதில்லை. வேரோடு பெயர்த்தே எடுப்பர்.

உழைப்பவர் பாதுகாப்பு

தூர் எடுப்போரில் பெரும்பாலோர் அமைப்புசாராத் தினக்கூலித் தொழிலாளர்கள். தொழில் பழகுவது தந்தையிடமோ மேஸ்திரியிடமோதான். இவர்கள் சந்திக்கும் ஆபத்துகள் பல: ஆப்பு தெறித்தல், இழுவிசையில் இருக்கும் வேர் அறுபட்டதும் கட்டை புரளுதல், மணல் குழி சரிதல், புதைந்த மின்கம்பியில் கடப்பாரை படுதல், பொந்திலுள்ள பாம்பு. கிணற்றருகே தோண்டினால் உறை சரியும் அபாயமும் உண்டு. இயந்திரமாயின் தெறிக்கும் கல்லும் சிராயும் கண்ணைப் பறிக்கும். கண்ணாடி, காலணி, கையுறை ஆகியவை செலவு மிகாத பொருள்கள். வேலைக்கு அழைக்கும் வீட்டுக்காரரே அவற்றைக் கேட்டு உறுதிசெய்யலாம். மின்கம்பியும் குழாயும் போகும் தடத்தை முன்கூட்டியே காட்டுவதும் அவர் பொறுப்பே.

காடு திருத்திய நாள்முதல் இந்த வேலையின் கருவிகள் மாறியிருக்கின்றன, விலை மாறியிருக்கிறது. மாறாதது ஒன்று: மரம் வெட்டிய அன்று வேலை முடிவதில்லை. எடுத்த தூருக்குப் பதிலாக எட்டடி தள்ளி ஒரு கன்றாவது நட்டால்தான் அது முடிந்ததாகும். 1994இல் திருச்சியோடும் பொன்மலையோடும் சேர்ந்து மாநகராட்சியான பின் திருவரங்கத்தின் கொல்லைகள் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளாகியுள்ளன; கன்று நட மண் மீந்திருக்கும் கொல்லைகள் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றன.